திருவனந்தபுரத்துப் பயிர்மண் மரபியல்

பயிரும் மண்ணும் ஆராய்வோர் எத்தனை வகைப்படுவர் எனின், பட்டத்தால் மூவகை, சம்பளத்தால் இருவகை என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? 1955-ல் தொடங்கிய வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் ஒரே பட்டம் வாங்கிய இருவரில் ஒருவர் கிருஷி பவனில் மானிய விண்ணப்பத்துக்குக் கையெழுத்திடுவார். மற்றவர் வங்கியில் பயிர்க்கடன் கேட்டு வருவோரை நாளை வரச் சொல்வார். ஆகவே, யார் எதற்குக் காத்திருக்கிறார் என்பதை வைத்தே இனம் பிரிக்க வேண்டும் என்பது இந்நூலின் துணிபு.

முதலினம், கிழங்குக்குக் காத்திருப்போர். வாழிடம் ஸ்ரீகாரியம், 1963-ல் அமைந்த மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம். மரச்சீனி மண்ணுக்குள் பத்து மாதமாக என்ன செய்தது என்பது பிடுங்கினால்தான் தெரியும். பிடுங்கினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. இவ்வினத்தார்க்கு ஒரு மனக்குறை உண்டு. இங்கே உருவாக்கிய எச்-226 ரகத்தைச் சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் மாவுக்காகக் கொண்டாடின. உள்ளூர்க்காரரோ மலேயாவிலிருந்து வந்த எம்-4 கிழங்கை வேகவைத்து மீன்குழம்போடு தின்றுவிட்டு, வேறு பேச்சே இல்லை என்றனர்.

இரண்டாமினம், மண்ணார். ஓரங்குல மேல்மண் உண்டாகச் சில நூறாண்டுகள் பிடிக்கும். ஆராய்ச்சி உதவித்தொகை ஐந்தாண்டில் நின்றுவிடும். இக்கணக்கு உதைப்பதால் இவர்கள் காத்திருப்பதைக் கைவிட்டு, குழி தோண்டி, அதன் பக்கச்சுவரை அடுக்குக் குலையாமல் பெயர்த்து நிறுத்திவிடுவர். அப்படி நிறுத்திய 82 மண் தொடர்களைப் பறோட்டுகோணத்து மண் அருங்காட்சியகத்தில் காணலாம்.

மூன்றாமினம், பூவுக்குக் காத்திருப்போர். பூ இல்லாத செடிக்குப் பெயர் சொல்ல இவர்கள் அஞ்சுவர். 1979-ல் அமைந்த பாலோட்டுத் தாவரவியல் பூங்கா இவர்களின் இடம். இங்கே சற்று நின்று செல்ல வேண்டும். 1987-ல் அகத்தியமலை ஏறிய ஆய்வுக்குழு மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு காயைத் தின்றபடி களைப்பின்றி முன்னே நடந்தனர். கேட்டபோது முதலில் சொல்லவில்லை. விடாமல் கேட்ட பிறகே ஆரோக்கியபச்சையைக் காட்டினர். அச்செடிக்கு இலத்தீன் பெயர் முன்பே இருந்தது. தின்றால் களைப்புத் தீரும் என்பது காணிகளுக்குத்தான் தெரிந்திருந்தது. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து பிறந்தது; 1995-ல் அதன் தயாரிப்பு உரிமம் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குப் போனது. கட்டணம் பத்து லட்சம் ரூபாயிலும் பின்வரும் உரிமத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கொரு அறக்கட்டளையும் பதிவானது. பயன் பகிர்வு என்று உலகெங்கும் கூட்டம் போடுவோர் இதை மேற்கோள் காட்டாமல் எழுந்திருப்பதில்லை. அப்படியானால் காணிகள் நான்காமினமா எனின், அன்று. சம்பளப் பட்டியலில் பெயரில்லாதவரை இனமாகக் கொள்ளும் வழக்கம் நம் நூல்களில் இல்லை. நன்றியுரையில் ஒரு வரி கொடுப்பதே மரபு.

நான்காமினம், ரயிலுக்குக் காத்திருப்போர். ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை இங்கே மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். அடுத்து கோயம்புத்தூரில் கரும்பு. கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன் இவ்வூரில் விலங்கியல் படித்தார். வங்கப் பஞ்சம் மனதை மாற்ற, அவரும் கோயம்புத்தூருக்கே போய் வேளாண்மை படித்தார். இவ்வூரில் முளைத்துப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் காய்ப்பது இவ்வினத்தின் இயல்பு.

ஐந்தாமினம், அறிவிப்புக்குக் காத்திருப்போர். தொகையில் இவரே மிகுதி. நெட் தேர்வு, ஏ.எஸ்.ஆர்.பி. தேர்வு, பி.எஸ்.சி.யின் வேளாண் அலுவலர் தரவரிசைப் பட்டியல் ஆகியன இவர்க்கு உணவு. அப்பட்டியல் மூன்றாண்டுக்குமேல் உயிர் தரிக்காது. அதுவரை திட்ட உதவியாளர் என்னும் பெயரில் முதலினத்தாரின் கிழங்கை நிறுப்பதும், இரண்டாமினத்தாரின் மண்ணைச் சலிப்பதும், மூன்றாமினத்தாரின் பூவைத் தாளில் ஒட்டுவதும் இவர்களே. ஆதலின் இவரைத் தனி இனம் என்பதா, முன் மூன்றற்கும் வேர் என்பதா என்று உரையாசிரியர் முரண்படுவர். திட்டங்கள் மார்ச் 31-ல் முடிந்துவிடுவதால், முரண் தீர்வதற்குள் ஆள் மாறிவிடுகிறார்.