பத்துப் பவுண்டுக்குள் ஒரு ஜமீன்தார்

பிரிட்டனில் குடியிருக்கும் கஞ்சனுக்கு ஒரு வசதி உண்டு. இந்த நாட்டில் திராட்சை பெரிதாக விளைவதில்லை. தெற்கே சஸெக்ஸ், கென்ட் பக்கம் நுரைக்கும் ஒயின் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அதன் விலைச்சீட்டைப் படித்ததும் என்னைப் போன்றவர்கள் மரியாதையாக நகர்ந்துவிடுவோம். சொந்த விளைச்சல் அதிகம் இல்லாததால் வீண் பிடிவாதமும் இல்லை. பிரான்ஸில் கடைக்குப் போனால் பிரெஞ்சு ஒயின்தான் மலைபோல் அடுக்கியிருக்கும். இத்தாலியில் இத்தாலி ஒயின். லண்டன் சூப்பர் மார்க்கெட்டில் சிலி, ருமேனியா, போர்ச்சுகல், தென்னாப்பிரிக்கா, கிரீஸ் எல்லாம் ஒரே அலமாரியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். டாஸ்மாக் கம்பிக்குள் கையை விட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்த தேசத்தவனுக்கு இது சுயம்வர மண்டபம்.

சுயம்வரத்துக்கு வீட்டில் விதித்திருந்த உச்சவரம்பு பாட்டிலுக்கு 6 பவுண்டு. அதை 10 ஆக உயர்த்த நான் பட்ட பாடு ஒரு மத்திய பட்ஜெட்டுக்குச் சமம்.

என் வாதம் எளிமையானது. இங்கே ஒயினுக்கான கலால் வரி, பாட்டிலுக்குள் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கும். ஒயின் நன்றாக இருக்கிறதா, காடியா என்று பார்க்காது. 13 சதவீத ஒயின் ஒரு பாட்டில் என்றால் வரி கிட்டத்தட்ட 3 பவுண்டு. அதன்மேல் 20 சதவீத வாட். அந்த வாட், வரியின் மேலும் விழும். வரிக்கே வரி! ஆக, 6 பவுண்டு பாட்டிலில் அரசாங்கம் தன் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவது சுமார் 2 பவுண்டு. அதில்தான் கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல், லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். கடைசியில் திராட்சைக்கென்று கிடைப்பது பிள்ளையாருக்குப் போடும் சில்லறை. 10 பவுண்டு பாட்டிலிலோ மிஞ்சுவது 5 பவுண்டுக்கு மேல். கண்ணாடியும் கப்பலும் அதே செலவுதான். கூடுதல் பணத்தில் பெரும்பகுதி பாட்டிலுக்கு உள்ளே போகிறது.

மின்சார பில்லின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக் காட்டினேன். மனைவி பொறுமையாகப் பார்த்தாள்.

"நாலு பவுண்டு கூடச் செலவு பண்றதுக்குப் பேரு சிக்கனமா?"

"விகிதத்தைப் பாரும்மா. விலை ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஏறுது. உள்ளே இருக்கிற மதிப்பு ரெண்டரை மடங்கு ஏறுது."

"அப்படின்னா நூறு பவுண்டு பாட்டில் வாங்கினா இன்னும் லாபம்தானே? ஏன் பத்தோட நிறுத்துறீங்க?"

கணக்குப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவளை மணந்தவன் நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் பணம் ஒயினுக்குப் போகாமல் பெயருக்குப் போகிறது என்றேன். போர்தோவின் பெரிய பண்ணைகள், ஷாம்பெயின், பர்கண்டி என்று ஊர்ப் பெயரே பாதி விலை. 10 பவுண்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெயருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த வேலை, பெயரே இல்லாத நல்லதைத் தேடுவது. இதற்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழி: லேபிளில் இருப்பது வாயில் நுழையவில்லையா, எடு. ஆங்கிலேயர் உச்சரிக்கத் தெரியாததைக் கடையில் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்காத சரக்குக்கு விலை ஏறாது. பிக்பூல் டி பினே, டூரிகா நசியோனல், ஷினோமாவ்ரோ, ஃபெடேஸ்கா நேக்ரா. ஸ்ரீவில்லிபுத்தூரையும் திருச்சிற்றம்பலத்தையும் தடுக்காமல் சொல்லிவிட்டு வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

பெயரில் ஏமாறுவது நம்மைப் போன்ற அரைகுறைகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிலி நாட்டுக்காரர்கள் ஒரு திராட்சையை மெர்லோ, மெர்லோ என்றே நூறாண்டுக்கு மேல் வளர்த்தார்கள், பிழிந்தார்கள், விற்றார்கள். 1994இல் மான்ட்பெலியேயிலிருந்து ழான் மிஷெல் பூர்சிகோ என்ற கொடியியல் வல்லுநர் வந்து கொடியை உற்றுப் பார்த்துவிட்டு, இதில் பெரும்பகுதி மெர்லோவே இல்லை, போர்தோவில் மறைந்தே போய்விட்டதாக எண்ணியிருந்த கார்மெனேர் என்றார். ஒரு நாடே பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதை. எனக்கு அதில் வருத்தமில்லை. சிலிக் கார்மெனேர் இன்றும் என் உச்சவரம்புக்குள் கண்ணியமாகக் கிடைக்கிறது.

ஆனால் நான் கும்பிடும் தெய்வம் ஸ்பெயினில் இருக்கிறது. ரியோஹா. அங்கே சிவப்பு ஒயின் பாட்டிலில் 'ரெசர்வா' என்று போட வேண்டுமானால், குறைந்தது மூன்று வருடம் அவர்களே வைத்திருந்து முதிர வைக்க வேண்டும். அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். 'கிரான் ரெசர்வா' என்றால் ஐந்து வருடம், இரண்டு வருடம் பீப்பாய். சட்டம். நான் குடியிருக்கும் கிழக்கு லண்டனில், ஒரு பீரோவை வைக்க இடம் கேட்டால் மாத வாடகை சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு ஸ்பானியர் எனக்காக ஒரு பாட்டிலை மூன்று வருடம் குளிர்ந்த நிலவறையில் காத்து வைத்திருந்து, கப்பலேற்றி அனுப்பி, எல்லாம் சேர்த்து 10 பவுண்டுக்குள் முடித்துவிடுகிறார். இதை வியாபாரம் என்பதா, தர்மம் என்பதா?

வரி விஷயத்தில் இன்னொரு சந்து இருக்கிறது. ஆல்கஹால் குறையக் குறைய வரியும் குறைகிறது. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் சில எட்டரை, ஒன்பது சதவீதத்தில் கிடைக்கும். வரியில் மட்டும் ஒரு பவுண்டு அளவுக்கு மிச்சம். இலேசான இனிப்பு, நல்ல புளிப்பு. மீன் குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. துவர்ப்பான சிவப்பு ஒயினைக் காரக் குழம்போடு குடித்துப் பார்த்தால், நாக்கு வழக்குப் போடும்.

கடைக்காரரின் தந்திரங்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 'பாதி விலை' என்று சிவப்பு அட்டை தொங்கினால், பாதி விலைதான் அதன் முழு விலை என்று எண்ணிக்கொண்டு நடக்கலாம். கையில் எடுத்தால் அம்மிக்கல் போல் கனக்கும் பாட்டிலில் நாம் வாங்குவது கண்ணாடி. ஆறு பாட்டில் எடுத்தால் கால்பங்கு தள்ளுபடி என்பது மட்டும் பெரும்பாலும் உண்மை. ஸ்காட்லாந்தில் அதற்கும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு பார்த்தது என் முன்னோர் செய்த புண்ணியம்.

உணவகத்துக்குப் போனால் இரண்டாவது மலிவான ஒயினை எடுக்காதே, அதில்தான் அதிகம் கறப்பார்கள் என்று எல்லோரும் காதில் ஓதுவார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்திலும் இருக்கும் பொருளாதார நிபுணர்கள் இருவர் லண்டன் உணவகப் பட்டியல்களை அலசிப் பார்த்து, விகிதக் கணக்கில் அதிகம் கறப்பது பட்டியலின் நடுப்பகுதியில் என்று கண்டுபிடித்தார்கள். கௌரவத்துக்குப் பயந்து நடுவில் கை வைப்பவர்தான் மாட்டுகிறார். கௌரவத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகும் என்னைப் போன்றவருக்கு ஆபத்தில்லை.

இவ்வளவு பேசிவிட்டு ஒயின் சொசைட்டியைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கண்காட்சிக்கு வந்த போர்ச்சுகல் ஒயின் பீப்பாய்கள், யாரும் சீண்டாமல் நிலவறையில் கிடந்தன. அந்த மண்டபத்தைக் கட்டியவர்களில் ஒருவரான மேஜர் ஜெனரல் ஹென்றி ஸ்காட், நாலு பேரை விருந்துக்குக் கூப்பிட்டு அதை ஊற்றிக் கொடுத்தார். குடித்தவர்களுக்குப் பிடித்துப்போக, 1874இல் உறுப்பினர்களே முதலாளிகளாக ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 40 பவுண்டுக்கு ஒரு பங்கு. ஆயுள் முழுக்க அவ்வளவுதான். கூட்டுறவுச் சங்கம் என்றதும் எனக்கு ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசைதான் ஞாபகம் வரும். இது வேறு ஜாதி. நம்பிச் சேரலாம்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் எதிரி ஒன்று உண்டு: மச்சான். மனைவியின் அண்ணன். பர்கண்டிக்குச் சுற்றுலா போய் வந்தவர். ஆனால் அவரைவிட அவருடைய பையன் ஆபத்தானவன். கைப்பேசியை லேபிள் மேல் காட்டுவான். அது விலையையும் மதிப்பெண்ணையும் சொல்லிவிடும். பந்தியில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி அவன் வாசிப்பான். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை ருமேனியா பினோ நுவார் ஒன்றை, விலை ஏழரை பவுண்டு, மோர் ஊற்றும் கண்ணாடி ஜாடியில் மாற்றி வைத்தேன்.

போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு பிரெடெரிக் ப்ரோஷே என்ற ஆய்வாளர் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தாராம். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். படித்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி. மச்சான் கோப்பையைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார்.

"பர்கண்டிதானே மாப்ளே? எந்தக் கிராமம்னு சொல்லட்டுமா?"

திராட்சை அதே திராட்சைதான். அந்த மட்டில் அவர் நாக்குக்கு வணக்கம். நான் புன்னகையோடு நிறுத்திக்கொண்டேன். அப்போது சமையலறையில் மறுசுழற்சித் தொட்டி கடகடவென்றது.

"மாமா! செவன் ஃபிஃப்டி! ருமேனியா!"

மச்சான் அசரவில்லை. இன்னொரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் கிழக்கே இருக்கும்னு தோணிச்சு" என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடை? ஆறு எடுத்தா தள்ளுபடி உண்டா?" என்றார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ரசம் ஊற்றினாள்.

"அண்ணனுக்கே இது பர்கண்டியாத் தெரியுதுன்னா, நமக்கு எதுக்குங்க பத்து? எட்டாக் குறைச்சுக்கலாம்."