எம்-ஒன்னில் விழுந்தவர்

பொறியியல் கல்லூரி விடுதியின் கடைசி ஆண்டு அறைகளில் இவரைப் பார்க்கலாம். எக்செல்லைத் திறந்து வைத்து, மீதித் தாள்கள் எல்லாவற்றிலும் 'ஓ' கிரேடு வந்தால் சிஜிபிஏ எங்கே போய் நிற்கும் என்று நள்ளிரவில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். முதல் செமஸ்டரில் எம்-ஒன் என்கிற முதல் கணிதத் தாளும் கிராபிக்ஸும் அரியர். ஐந்தாவது செமஸ்டரில் திடீரென்று முதல் பெஞ்சுக்கு வந்தார். இப்போது எம்.டெக். விண்ணப்பம். 'பையனுக்கு லேட்டாத்தான் புத்தி வந்துச்சு' என்பது உறவினர் தீர்ப்பு. புத்தி முன்பே இருந்தது என்பது என் கட்சி. பிளஸ் டூவில் 200-க்கு 190 கட்-ஆஃப் வாங்கியவர் ஆறே மாதத்தில் கணக்கை மறக்க முடியுமா? பள்ளியில் விடியற்காலையில் எழுப்ப வார்டன் இருந்தார், தினம் ஒரு ஸ்லிப் டெஸ்ட் இருந்தது, மதிப்பெண் குறைந்தால் அப்பாவுக்கு போன் போனது. கல்லூரியில் ஏன் என்று கேட்க நாதியில்லை. கேட்க ஆளில்லாவிட்டால் இவர் என்ன செய்வார் என்பதைத்தான் முதல் மதிப்பெண் பட்டியல் சொல்கிறது. தூங்குவார்.

மேற்படிப்பே கேட்க ஆளில்லாத இடம்தானே, அங்கே இவரை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஐந்தாவது செமஸ்டரிலும் இவரை யாரும் கேட்கவில்லை. தானாகத்தான் உட்கார்ந்து படித்தார். தொடக்கம் முதலே முதலிடத்தில் இருப்பவர் இன்னும் அம்மாவின் அலாரத்தில் எழுகிறாரா என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அதற்காக அவரை மட்டம் தட்ட வேண்டியதில்லை; இவருடைய பின்பாதியும் சாட்சிதான் என்கிறேன். தவிர, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு இவரைச் சும்மா விடுவதில்லை. பெரும்பாலான பொறியியல் தாள்களில் 100-க்கு 13 மதிப்பெண் பொறியியல் கணிதத்துக்கு. எம்-ஒன்னில் ஏமாற்றிவிட்டு வந்த ஐகன் மதிப்பு அங்கே வட்டியோடு காத்திருக்கிறது. அதையும் தாண்டி நல்ல ரேங்க் எடுத்தவரிடம் பழைய அரியரைத் தோண்டுவது, கடனை அடைத்தவர் வீட்டு வாசலில் தண்டோரா போடுகிற வேலை.

இவர் கெடுத்துக்கொள்ளும் இடம் வேறு. வெளிநாட்டுக்கும் விண்ணப்பிப்போம் என்று எஸ்ஓபி என்கிற நோக்க அறிக்கை எழுத உட்கார்ந்தால் முதலாம் ஆண்டுக்கே இரண்டு பக்கம் போய்விடும். மஞ்சள் காமாலை வரும். அடுத்த பத்தியில் பாட்டி இறப்பார். உண்மையிலேயே காமாலை வந்திருந்தால் எழுதத்தான் வேண்டும், ஆனால் எல்லா விண்ணப்பத்திலும் அதே காமாலையா? பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால், ஒரு காலத்தில் இவரை வகுப்புக்கு வெளியே நிறுத்திய பேராசிரியர், 'நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்' என்கிறார். இவரும், பேராசிரியர் தம் இருபதாண்டு ஆசிரியப் பணியில் கண்ட மாணவர்களிலேயே தலைசிறந்தவன் என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொண்டுபோய் நீட்டுகிறார். படிப்பவருக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான்.

விண்ணப்பிக்கிறவர்களே, முதலாம் ஆண்டுக்கு இரண்டு வரி போதும்: படிக்கவில்லை, பிறகு படித்தேன். மீதி இடத்தில் செய்த புராஜெக்டை எழுதுங்கள். பாட்டியை விட்டுவிடுங்கள், பாவம், அவர் ஊரில் நலமாக இருக்கிறார்.