மாமாவின் அமெரிக்கச் சதம்

கண்டிப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒருவர் குழி தோண்டினால் அது அவர் சொந்தக் காரியமாக இருக்காது. "என்ன, புதையலா?" என்று கேட்க வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை முளைத்துவிடும். புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களைப் பற்றி அடிக்கடி பேப்பரில் படிக்கிற சனங்கள், வேறென்ன கேட்பார்கள்? ஆகவே பல்லேகலையில் என் தாய்மாமா வாழைக்கன்று நடக் குழி வெட்டி, அதிலிருந்து ஒரு செம்புக் காசை எடுத்த அன்று, காசுக்கு முந்தி செய்தி வெளியே வந்துவிட்டது.

காசு கறுத்து, ஓரத்தில் பச்சை பிடித்திருந்தது. ஒரு பக்கம் ஒரு தலை. மறுபக்கம் ஒரு மேடு. மேட்டுக்குக் கீழே 1815 என்ற இலக்கம் மட்டும் தெளிவு.

"தலை வாஷிங்டன். மேடு கழுகு. அமெரிக்கன் காசு, மாப்ளே" என்றார் மாமா. கையில் ஒட்டிய மண்ணைக்கூட இன்னும் கழுவவில்லை.

இந்த ஞானம் பேரனின் போன் வழியாக வந்தது. அமெரிக்காவின் ஆரம்பகாலச் செம்புக் காசுகளில் 1792ஆம் ஆண்டின் 'பர்ச் சென்ட்' என்று ஒன்று உண்டு; மாதிரிக்கு அடித்துப் பார்த்த காசு. அதில் ஒன்று 2015இல் 25 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. மாமா அதை ரூபாயாக மாற்றி, பூச்சியங்களை எண்ணித் தரும்படி பேரனையே கூப்பிட்டார். எண்ணி முடித்ததிலிருந்து அந்தக் காசு அமெரிக்கக் காசுதான்.

அமெரிக்கக் காசு பல்லேகலைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்கப் பாதிரிமார் வந்தார்கள்தானே? வந்தார்கள், 1816இல் தெல்லிப்பழையில் இறங்கினார்கள், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். "எங்க பாட்டன் மன்னார்ல எறங்கி, தம்புள்ள, மாத்தளன்னு காட்டு வழியா நடந்து வந்தவரு. வழியில எவனாவது ஒரு பாதிரி கையில குடுத்திருப்பாரு." கோப்பித் தோட்டத்துக்கு அந்த வழியே நடந்து வந்தவர்களுக்கு யாரும் கையில் காசு கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது கடன், கடனைக் குறித்துவைத்த துண்டு. ஆனால் மாமாவின் பாட்டன் விஷயத்தில் சரித்திரம் மாமாவிடம்தான் இருந்தது.

இதற்கிடையில் அத்தை காசைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். செம்பு என்றால் புளி. அத்தையின் சட்டத்தில் இதற்கு விலக்கு கிடையாது. நாணயம் சேர்ப்பவர்கள் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். செம்பின் மேல் காலம் பூசிய அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு எவ்வளவு அரியதாக இருந்தாலும் விலை சரிந்துவிடும். அத்தையைக் குறை சொல்லியும் பயனில்லை, அழுக்குப் போனதில் ஓர் ஓரத்தில் நாலு எழுத்து தெரிந்தது: ஐ, வீ, ஈ, ஆர்.

"ரிவர்!" என்றார் மாமா. "மிசிசிப்பி."

ஒரு விஷயத்தில் மாமாவுக்கு நியாயம் செய்ய வேண்டும். வாஷிங்டன் தலையும் கழுகும் சேர்ந்த செம்புக் காசு உண்மையிலேயே உண்டு. 1791இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் அடித்து, அமெரிக்காவுக்கு இது நல்லாயிருக்குமா என்று காட்டிப் பார்த்தார்கள். அமெரிக்கா வேண்டாம் என்றது. ராஜாவின் தலையை இப்போதுதானே காசிலிருந்து இறக்கினோம், அதற்குள் இன்னொருவர் தலையா என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். அதனால் 1793 முதல் 1857 வரை அங்கே புழங்கிய பெரிய செம்புச் சதத்தில் சுதந்திர தேவியின் முகம்தான். பின்பக்கம் முதலில் ஒரு சங்கிலி, அதைக் கண்டு சனங்கள் முகம் சுளித்ததும் இலைவளையம். கழுகு செம்பில் உட்காரவில்லை. ஜனாதிபதி ஒருவரின் தலை சதத்தில் ஏற 1909 வரை, லிங்கன் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்டி டவுனில் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவரிடம் நிறுத்துப் பார்ப்பது என்று புறப்பட்டோம். திகணையிலிருந்து வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே, 1815 என்ற வருஷத்தைப் பற்றி மாமாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அமெரிக்கா சதம் அடிக்கத் தொடங்கிய 1793 முதல் இருநூறு வருஷத்துக்கு மேல், சதத்தில் வருஷ இலக்கம் விடுபட்டுப்போனது ஒரே ஒரு தடவை. அதுதான் 1815. சதம் அடிக்க வேண்டிய செம்பு வில்லைகள் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். அந்த இங்கிலாந்தோடுதான் 1812இலிருந்து சண்டை. சண்டைக்காரனிடம் செம்பு வாங்க முடியுமா? பிலடெல்பியா நாணயச்சாலையில் வில்லை தீர்ந்தது, சதமும் நின்றது. சதங்களின் அச்சு வித்தியாசங்களை நம்பர் போட்டு எழுதிய வில்லியம் ஷெல்டன் 1814ஓடு நிறுத்தினார். நியூகம் என்பவரின் புத்தகம் 1816இல் தொடங்குகிறது. நடுவில் உள்ள வருஷத்துக்கு ஆளில்லை.

(ஷெல்டன் ஒரு தனி ரகம். மனிதர்களை உடல்வாகு பார்த்து வகை பிரித்த மனோதத்துவக்காரர். காசின் தரத்துக்கு 1 முதல் 70 வரை மார்க் போடும் முறையும் அவருடையதுதான். 1977இல் அவர் இறந்த பிறகு இன்னொன்றும் வெளிவந்தது: அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் பெட்டிகளில் நல்ல சதங்களை எடுத்துக்கொண்டு, அதே ரகத்தில் மட்டமானதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வகை தெரிந்தவர் அல்லவா.)

மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அந்த வருஷம் அடிக்கவே இல்லன்னா, ஒலகத்துலயே இது ஒன்னுதான்! வெல இன்னும் கூடுமே, மாப்ளே!"

இப்படி நினைத்தவர் மாமா மட்டும் இல்லை என்பதுதான் ஆறுதல். அமெரிக்காவிலேயே வேறு வருஷத்துச் சதத்தின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 1815 ஆக்கி விற்றிருக்கிறார்கள். 1798ஐத் திருத்தி, அரிதான 1799 ஆக்குவது அங்கே பழைய தொழில்.

நகைக்கடைக்காரர் முதலில் ஒரு காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது இரும்பு இல்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அத்தையின் குத்துவிளக்கிலும் காந்தம் ஒட்டாது. பிறகு ஓரத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்த போலி என்றால் விளிம்பில் ஒரு கோடு ஓடும். வார்த்த போலி என்றால் ஊசிக்குத்துப் போலக் குழிகள் இருக்கும். இரண்டும் இல்லை. கடைசியில் தராசு. அமெரிக்கச் சதம் முதலில் 13.48 கிராம், செம்பு விலை ஏறியதால் 1795 முடிவில் 10.89ஆகக் குறைத்தார்கள். நம்முடையது ஒன்பதைத் தொடவில்லை.

"எரநூறு வருஷம் மண்ணுல கெடந்திச்சி. தேயாதுங்களா?" என்றார் மாமா.

"ரெண்டு கிராம் தேஞ்ச காசுல தேதி மட்டும் எப்புடிங்க தப்பிச்சிச்சி?" என்று கேட்டுவிட்டு, அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, கழுகுக்கு நாலு காலா?"

யானை. கழுகின் அலகு என்று நினைத்தது தும்பிக்கை. நாலு எழுத்தும் ஆறு இல்லை, 'ஸ்டிவர்' என்பதன் வால். வாஷிங்டன், மூன்றாம் ஜார்ஜ் மன்னர். தலையில் இலைமாலையோடு, வாஷிங்டன் யாரை எதிர்த்துச் சண்டை போட்டாரோ அதே ஆள். ஒல்லாந்தர் 1796இல் போய்விட்டாலும் அவர்களுடைய நாணயக் கணக்குப் போகவில்லை. 48 ஸ்டிவர் ஓர் இறைசால். அந்தக் கணக்கிலேயே இங்கிலீஷ்காரன் இலங்கைக்கு யானைக் காசு அடித்தான். அரை, ஒன்று, இரண்டு ஸ்டிவர் மூன்றிலும் 1815 இருக்கிறது. அமெரிக்காவுக்கு வில்லை கிடைக்காமல் போனதற்கும் நமக்கு யானை கிடைத்ததற்கும் ஒரே வருஷம். 1924இல் கொட்ரிங்டன் எழுதிய இலங்கை நாணயப் புத்தகத்தை மாமா வாங்க வேண்டியதில்லை. அதிகம் தேய்ந்த ஒரு ஸ்டிவர் யாரையும் பணக்காரனாக்காது, புளி போட்டது இன்னும் ஆக்காது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கடைக்காரர் தராசை மூடிக்கொண்டே சட்டத்தை நினைவூட்டினார். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டம். மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம், அறிவிக்க வேண்டும். எது தொல்பொருள்? 1815 மார்ச் 2க்கு முந்தியது; கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ராஜ்ஜியத்தையே கொடுத்த நாள்.

மாமா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருஷம் இருக்கிறது, மாதம் இல்லை. போகம்பரையிலிருந்த சிறைச்சாலையை வேறெங்கும் கொண்டுபோகாமல் எங்கள் பல்லேகலைக்கே கொண்டுவந்தது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் அப்படித்தான் இருந்தது.

"பிப்ரவரியில அடிச்சிருப்பானோ?"

இப்போது பிரிட்டிஷ் நாணயச்சாலைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னை விடாமல் துரத்துகிறார். இந்த யானையை எந்த மாதம் அடித்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்க வேண்டுமாம். கூடவே, அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய வில்லை தவறி இதில் கலந்திருக்க வாய்ப்புண்டா என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்.