ரென் மாமா

ஊருக்கு ஒருவர் இத்தகையவர் உண்டு; புனாவை அடுத்த கட்கி பஜாரின் தமிழ்க் குடும்பங்களுக்கு வாய்த்தவர், ஓர் இராணுவக் கணக்கு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவரும், ஆங்கில வாக்கியம் ஒன்று காதில் விழுந்த மாத்திரத்தில் அதன் நாடியைப் பிடித்து வியாதி இன்னதென்று சொல்லவல்லவருமான நம் மாமா. ரென் அண்டு மார்ட்டின் இலக்கணமே அவருக்கு வேதம். அதை இயற்றிய இருவருள் ரென் துரை ஒரு காலத்தில் புனா வாலண்டியர் ரைபிள்ஸில் காப்டனாக இருந்தவர் என்பதால், அந்த நூலுக்கு இவ்வூரே க்ஷேத்திரம் என்பது அவர் சித்தாந்தம். அதே துரை 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்று நாவல் எழுதியதை மட்டும் அவர் மன்னிக்கவில்லை.

“புனா கிளைமேட் மெட்ராஸைவிட பெட்டர்” என்று ஆங்கிலத்தில் யாராவது வாய் திறந்தால் போதும், “சீதோஷ்ணத்தை ஊரோடு ஒப்பிடுவாருண்டோ? மெட்ராஸின் சீதோஷ்ணத்தோடல்லவா ஒப்பிட வேண்டும்!” என்று வழிமறிப்பார். இளையவன் ஒருவனுக்குப் பதவி உயர்வு கிட்டவிருந்த சமயம், ‘சீனியர் தேன் ஹிம்’ என்று முறையிட்டு எழுதிய பரிதாப ஜீவனின் விண்ணப்பத்தை, “சீனியர் லத்தீன் குலத்துப் பதம், அதற்குத் ‘தேன்’ ஆகாது, ‘டு’தான் பத்தியம்” என்று திருப்பியனுப்பினார். பத்தியம் முடிந்து விண்ணப்பம் மேலே போவதற்குள் இளையவன் நாற்காலியில் அமர்ந்துவிட்டான்.

அடைமொழி இடம் தவறினாலோ அவருக்கு ஆனந்தம். ‘பீயிங் ரஸ்ட்டி, த ஸ்டோர்கீப்பர் ரிஜெக்டட் த போல்ட்ஸ்’ என்ற குறிப்பின் ஓரத்தில், “துரு பிடித்தது போல்ட்டுக்கா, ஸ்டோர்கீப்பருக்கா?” என்று சிவப்பு மையில் வினவ, அந்த நல்ல மனிதர் பணி முடித்துப் போகும்வரை ‘ரஸ்ட்டி சாகேப்’ ஆகவே இருந்தார். ‘ஒன்லி’ என்னும் சொல்லோ, கயிறறுந்த காளையைப் போல வாக்கியத்தில் எங்கு வேண்டுமானாலும் புகுந்து மேய்வது. நம்முடைய ‘தான்’ அப்படியன்று, எந்தச் சொல்லை அழுத்த வேண்டுமோ அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று, இவ்வொரு விஷயத்தில் மட்டும் தமிழுக்கு மேன்மை தருவார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், மூன்றாம் முறையாகக் காப்பி கேட்ட அவரிடம் மாமி டம்ளரை நீட்டிக்கொண்டே, “என்னைவிட உங்களுக்குக் காப்பியிலே பிரியம் ஜாஸ்தி” என்றாள். மாமாவின் முகம் மலர்ந்தது. “இரு, இரு. உன் பிரியத்தைவிட என் பிரியம் ஜாஸ்தி என்கிறாயா, உன்மேல் இருப்பதைவிடக் காப்பிமேல் ஜாஸ்தி என்கிறாயா? வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறதே!”

நீட்டிய டம்ளரை மாமி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“இரண்டுந்தான்” என்று சொல்லி, அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.