நீல லைட்டு மாப்பிள்ளை

ஏலே தம்பி, கிருமி கொல்லுத நீல லைட்டு வாங்கிருக்கியாமே? ராத்திரி ஒத்த ரூமு கோலிக்குள்ள போட்டுட்டு, கைய வேற அதுக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கியாம். தாராவி பூராம் இதே பேச்சுதான்.

ஒளிக்குக் கிருமியக் கொல்லுத சக்தி இல்லன்னு நான் சொல்லல. டென்மார்க்கு டாக்டர் ஃபின்சென், தோல்ல வார காசநோய வெளிச்சத்த வச்சே ஆத்துனாரு. 1903-ல நோபல் பரிசே குடுத்தாவ. ஆஸ்பத்திரியில ஆள் மேல படாம உசரத்துல மாட்டுனா, காத்துல மிதக்குத காசநோய்க் கிருமியும் சாவும். லைட்டு மேல குத்தமில்ல. உன் மேலதான்.

அந்தப் புற ஊதாக்கதிரு 254 நானோமீட்டரு. மனுசக் கண்ணுக்கே தெரியாது. நீ நீலமாப் பாக்குதது கூட வார மிச்சம். நெழலுக்குள்ள அது போவாது. கட்டிலுக்கு அடியில கெடக்க கிருமிக்கு நீ கடுதாசி போட்டா வரச் சொல்லுவ? தோலையும் கண்ணையும் மட்டும் நல்லாச் சுடும். இதுல கை கழுவாதீயன்னு 2020-லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிச்சு. கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் பண்ணப் போறியா?

அதே 2020, ஏப்ரல் 1-ல தாராவியில மொத கொரோனா. ஒலகமே நம்மளப் பாத்து உச்சுக் கொட்டிச்சு. எந்த லைட்டுடே காப்பாத்துச்சு? வீடு வீடா ஏறி காய்ச்சல் பாத்தாவ. நோய் கண்டவனப் பிரிச்சுக் கொண்டு போயி சோறு போட்டாவ. பொதுக் கக்கூச விடாமக் கழுவுனாவ. ஜூலையில உலக சுகாதார நிறுவனத் தலைவரு டெட்ரோஸ் தாராவி பேரச் சொல்லிப் பாராட்டுனாரு. கக்கூசு கழுவுனவன் போட்டோ எந்தப் பேப்பர்லயாவது பாத்தியா?

இந்த வெளிச்சப் பைத்தியத்துல வெள்ளக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. 1896-ல பம்பாயில பிளேக்கு வந்ததும், கோலிக்குள்ள வெயில் விழட்டும்னு கூரை ஓட்டப் பிரிச்சான். நோயப் பரப்புனது எலித் தெள்ளு. எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதைதான். ஆனா அதுலயும் ஒரு நல்லது நடந்துச்சு. 1898-ல இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டுன்னு ஒண்ணு வச்சு, தாதர், மாட்டுங்கா பக்கம் தெருவ அகலமாப் போட்டான். வீட்டுக்குள்ள வெளிச்சம் வார கோணம் அறுபத்து மூணரை டிகிரின்னு கணக்கும் வச்சான். மாட்டுங்காக்காரன் ஜன்னலோரம் காபி குடிக்கதெல்லாம் சும்மாவா?

நம்ம காலத்துப் புத்திசாலிய என்ன செஞ்சாவ? செம்பூரு தாண்டிக் கோவண்டிப் பக்கம் போயிப் பாரு. குடிசைய இடிச்சு ஆள ஏத்துன கட்டடம். ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல மூணு மீட்டருதான். கீழ் மாடிக்காரனுக்கு மத்தியானமும் ராத்திரிதான். வெளிச்சமும் காத்தும் கொறைஞ்ச வீட்டுல காசநோய் சாஸ்தின்னு டாக்டர்ஸ் ஃபார் யூங்குத அமைப்புக்காரவ 2018-ல ஆய்வு பண்ணிச் சொன்னாவ. அந்தச் சனத்துக்கு நீல லைட்டா வேணும்? வெயிலு கொல்ல நேரமாவும், சரிதான். ஆனா ஜன்னலத் தொறந்தா காத்து கிருமிய வெளிய தள்ளிட்டுப் போயிரும்லா? அதுக்கு உன் லைட்டு மாதிரி இ.எம்.ஐ. உண்டாடே?

சரி, அது கெடக்கட்டும். லைட்டு வந்துதே, அந்த அட்டப்பெட்டிய எங்கன வச்சிருக்க? மழைக்கு ஒதுக்கமா இருக்கட்டும்னு ஜன்னல்லதான அடச்சு வச்சிருக்க?