கட்டிலில் கடலாட்டம்

கடலோர இனயத்தில் பிறந்தவன் வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி எடுப்பான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் எடுப்பேன். அதனால்தான் வாத்தியார் ஆனேன். என் மச்சான்மார் தேங்காப்பட்டணத்தில் போட்டில் ஏறினால் மாதக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பார்கள். நான் கரும்பலகையில் 'நெய்தல்' என்று எழுதி, நுரை வராமல் கடலை நடத்தி, பென்ஷனும் வாங்கிவிட்டேன்.

ஆனால் கடல் விடவில்லை, கட்டிலுக்கே வந்தது. ஒரு விடியற்காலை வலப்பக்கம் புரண்டேன். உத்தரம் சுற்றியது, ஃபேன் சுற்றியது (அதற்கு மின்சாரமே இல்லை), கட்டில் கவிழப் பார்த்தது. சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு "மாதாவே!" என்று அலறினேன். பக்கத்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல காலம் வைத்தியம் பார்த்த டாக்டர் சோமர்வெல், 1924-ல் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியவர். எனக்கு இரண்டடி உயரக் கட்டிலே தாங்கவில்லை.

"என்ன எளவு இது?" என்றாள் மனைவி.

"தலை கறங்குது."

"கட்டிலு அனங்காமத்தானே கெடக்கு?"

அதற்குள் அரை நிமிடம் ஆகியிருந்தது, சுற்றல் நின்றுவிட்டது. சாட்சி இல்லாத வழக்கு தோற்றது.

சித்தி வந்தார். "பித்தமாக்கும் மக்களே" என்று சுக்குக் காப்பி போட்டார். அடுத்த வீட்டுக்காரி கண்ணேறு என்றாள். குருசடி எண்ணெய் நெற்றியில் ஏறியது. மருந்துக் கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, புரண்டு படுத்ததும் கடலும் வந்தது. பூசைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போன அன்று கோயில்பிள்ளை மிக நெருக்கமாக வந்து தோத்திரம் சொன்னார். மூக்கு என் வாயருகே இருந்தது.

கடலிலிருந்து வந்திருந்த மச்சானுக்குத்தான் தாங்கமுடியாத சிரிப்பு. "அத்தான், மாசக்கணக்குல கடல்ல கெடந்துட்டு வந்தா எங்களுக்கும் தரை ஆடும். ஒங்களுக்கு எந்தக் கடலு?"

மார்த்தாண்டத்துக்குக் காது டாக்டரிடம் போனோம். அந்த ஊர் இரும்பு மேம்பாலம் திறந்த புதிதில் ஆடுகிறது என்று சனங்கள் பயந்ததுண்டு. அன்று அதன் மேல் பஸ் போனபோது ஆடியது பாலமா நானா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

டாக்டர் என் தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். "கண்ண மூடாதீங்க." உலகம் புரண்டது. அவர் என் கண்மணி துடிப்பதை நிதானமாகப் பார்த்துவிட்டு, "வலது காதுல கல்லு எளகியிருக்கு" என்றார். டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-ல் எழுதிவைத்த சோதனையாம் இது. உள்காதில் தலையின் சாய்வை உணர்த்தும் பையில் சுண்ணாம்புப் பொடிக்கற்கள் ஒட்டியிருக்கின்றன. வயதாலோ தலையில் அடிபட்டோ, பல நேரம் காரணமே தெரியாமலோ சில கற்கள் கழன்று பக்கத்து அரைவட்டக் குழாயில் விழும். தலை அசையும்போது குழாய்க்குள் இருக்கும் நீரை அவை இழுக்க, தலை சுற்றுகிறது என்று மூளைக்குப் பொய்ச் சேதி போகிறது.

வீட்டில் அன்று கத்தாளை மீன். அதன் தலையைப் பிளந்த மனைவி, மொச்சைக் கொட்டை போல ஒரு வெள்ளைக் கல்லைக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தாள். "இதாக்கும் ஒங்களுக்கு எளகுனது?" அதே சுண்ணாம்புதான்; மீனுக்கும் காதில் இருக்கிறது. நமக்கு வெறும் பொடி, அதற்கு முழுக் கல். அந்தக் கல்லின் வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்வார்கள் என்று வாத்தியார் புத்தியில் விளக்கினேன். "ஒங்க கல்ல எண்ணுனா ஸ்கூல்ல குடுத்த பொறந்த தேதி பொய்யுன்னு தெரிஞ்சுருமே" என்றாள்.

வைத்தியம் என்ன தெரியுமா? தலையைத் திருப்புவது, அவ்வளவுதான். கட்டில் விளிம்புக்கு வெளியே வலப்பக்கம் திரும்பிய தலை தொங்க அரை நிமிடம். அப்படியே இடப்பக்கம் திருப்பி அரை நிமிடம். மூக்கு தரையைப் பார்க்க உடம்போடு புரண்டு அரை நிமிடம். பிறகு எழுந்து உட்காருவது. கல் குழாயைச் சுற்றி வந்து பைக்குள் விழுந்துவிடும். அமெரிக்காவின் ஜான் எப்லி 1980-ல் இதைச் செய்து காட்டியபோது சக டாக்டர்கள் நகைத்தார்கள்; கட்டுரை அச்சானது 1992-ல். இந்தச் சுற்றலை 1921-ல் விவரித்த ராபர்ட் பாரனிக்கோ, உள்காது ஆராய்ச்சிக்காக 1914-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தபோது ரஷ்யாவில் போர்க்கைதி வாசம். கோயில்பிள்ளை என்னை மோந்து பார்த்ததெல்லாம் ஒரு கஷ்டமா?

மெனியர் நோயாக இருந்தால் கதை வேறு: காது இரையும், கேட்கும் திறன் குறையும், உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். எனக்கு அது இல்லை என்று டாக்டர் சொன்னதும் மனைவி கருவாட்டுப் பானையைத்தான் முதலில் நினைத்தாள்.

டாக்டர் அப்படிப் புரட்டியதில் எனக்குச் சுற்றல் நின்றது. திரும்ப வரலாமாம், வந்தால் திரும்பவும் புரட்டுவார்கள். மாத்திரை குமட்டலைத் தணிக்கும், கல்லை நகர்த்தாது. எந்தக் காது என்று தெரியாமல் வீட்டில் நீங்களே உருளாதீர்கள், கழுத்துவலிக்காரர்கள் முக்கியமாக. சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். சுக்குக்கு அடுப்பு மூட்டாமல் உடனே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு வண்டி பிடியுங்கள்.