வேலி போட்ட வைபவம்

பெங்களூரின் அல்சூரில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, ஊரின் மறுகோடியில் பனசங்கரி ஆறாவது ஸ்டேஜில் முப்பதுக்கு நாற்பது அடி காலி மனை ஒன்றுக்குச் சொந்தக்காரனாக விளங்குவதென்பது, பெற்ற பிள்ளையைப் பாட்டி வீட்டில் வளரவிட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிற தகப்பனின் நிலைமையை ஒத்தது. ஏப்ரல் மாதத்துக்குள் செலுத்தினால் நூற்றுக்கு 5 வீதம் தள்ளுபடி என்பதற்காக வரியை மட்டும் தவறாமல் கட்டி, என் பாத்தியதை அந்த ரசீதில் பத்திரமாக இருப்பதாக நம்பி வந்தேன். மனையிலோ காங்கிரஸ் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. (காரம் போட்ட வேர்க்கடலைக்கும் இவ்வூரில் அதே பெயர்தான், அந்தக் கட்சிக்கு இந்த நகரத்தில் இத்தனை வேர்கள் இருக்கின்றன.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்டை வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தார். “சார், உங்க சைட்டுல பாம்பு குடும்பம் நடத்துது. நீங்க எப்ப வரப்போறீங்க?” என்றார்.

காலி மனையில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்வது சொந்தக்காரன் பொறுப்பு என்று மாநகராட்சியின் 2020 ஆம் வருஷத்துத் திடக்கழிவு உபவிதிகள் சொல்லுவதை அவரே எனக்கு எடுத்தோதினார். கொட்டுகிறவனுக்கும் தண்டனை உண்டு என்பது மெய்தான். ஆனால் அவன் ராத்திரியில் வந்து போகிறான், சொந்தக்காரனுடைய விலாசமோ வரி ரசீதில் அச்சாகியிருக்கிறது. ஆகவே வேலி போடுவதென்று தீர்மானித்தேன்.

மூன்று பக்கமும் அண்டை வீட்டார் சுவர் எழுப்பி எனக்கு உபகாரம் செய்திருந்தபடியால், தெருவைப் பார்த்த முப்பது அடி மாத்திரமே பாக்கி. நாலடிக்கு ஓர் இரும்புக் கதவும், மீதிக்கு இரண்டடி அகலத்தில் பதின்மூன்று சப்படிக் கற்களும் லாரியில் வந்து இறங்கின. நான்கு ஆட்கள் முக்கி முனகித் தூக்கவேண்டிய அந்தக் கருங்கற் பலகைகளை யாரும் இனி அசைக்க முடியாது என்று என் மனம் பூரித்தது. எழுத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, நீலச் சாயத்தில், ‘ஈ சைட்டு மாராட்டக்கெ இல்ல’, அதாவது இந்த மனை விற்பனைக்கு இல்லை என்று, கன்னடத்தில் கல்லுக்குக் கல் பரவும்படி எழுதச் செய்தேன். கடைசிச் சொல்லுக்குக் கடைசிக் கல் முழுவதும் கிடைத்தது.

நான் கொஞ்சம் சரித்திரத்தை நினைத்துப் பார்த்திருக்கலாம். 1537-இல் இந்நகரத்தை நிர்மாணித்த கெம்பேகௌடர், நான்கு திசையிலும் ஏர் பூட்டிய எருதுகளை ஓட்டி அவை நின்ற இடங்களை எல்லையாகக் கொண்டார் என்பது ஐதிகம். பிற்பாடு வந்த கெம்பேகௌடர் நாட்டியதாகச் சொல்லப்படும் நான்கு எல்லைக் கோபுரங்களில் ஒன்று அல்சூர் ஏரிக்கு அருகே இருக்கிறது. அதைத் தாண்டி ஊர் எத்தனையோ மைல் ஓடிவிட்டது. கோபுரத்துக்கே கட்டுப்படாத ஊர் என் சப்படிக் கல்லுக்கா கட்டுப்படும்?

மூன்று மாதம் கழித்துத் தினம் நாலைந்து தரகர்கள் என்னைக் கூப்பிட்டு, “சைட்டு என்ன ரேட்டு சார்?” என்று விசாரிக்கலானார்கள். விற்பதற்கில்லை என்றால், “அப்புறம் ஏன் சார் எழுதி வெச்சிருக்கீங்க?” என்று கோபித்துக்கொண்டார்கள். புரியாமல் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். பாம்பைக் காணோம். கதவும் பூட்டும் க்ஷேமமாக இருந்தன. கடைசிக் கல் மாத்திரம் இல்லை. எஞ்சிய பன்னிரண்டும் சேர்ந்து, இந்த மனை விற்பனைக்கு என்று தெருவுக்குப் பிரகடனம் செய்துகொண்டிருந்தன. கல் போன வழியாக ஒரு பசு சாவதானமாக உள்ளே நுழைந்து, எதைத் தின்றாலும் காங்கிரஸ் புல்லைத் தின்பதில்லை என்ற விரதத்துடன், குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

மனச் சோர்வு தீரத் தெருக்கோடித் தேநீர்க் கடைக்குப் போனேன். தர்மபுரிப் பக்கத்துத் தமிழர் ஒருவர் கடை. வாசலில் நாலு செங்கல் அடுக்குகளின்மேல் வழவழவென்று ஒரு கற்பலகை ஆசனமாகக் கிடந்தது. உட்கார்ந்திருந்த இருவருக்கு நடுவே, நீலச் சாயத்தில், ‘இல்ல’ என்ற எழுத்து பளிச்சென்று தெரிந்தது. நான் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட கடைக்காரர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லை ஒரு தட்டுத் தட்டி, மிகுந்த மரியாதையுடன் சொன்னார்:

“சும்மா உக்காருங்க சார், நம்ம கல்லுதான்.”